பாஸ் ஆகாத கவசம்

ஆம்பூரில் புதிதாகப் பிரியாணிக் கடை திறக்கப்போகும் ஒருவர் போன மாதம் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், நீங்க காஸ்பிளே பண்றீங்களாமே. நெத்தியில கொம்பு வெச்ச கவசம் ஒண்ணு உங்ககிட்ட இருக்காமே. அதப் போட்டுக்கினு கடை வாசல்ல ரெண்டு மணி நேரம் நிக்கணும். கையில ஒரு பெரிய கரண்டி குடுத்துடறோம். ஜனங்க போட்டோ எடுத்துக்குவாங்க" என்றார்.

அவர் 'காஸ்பிளே' என்ற சொல்லை எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், 'தம் பிரியாணி' என்று சொல்வதுபோல, சர்வசாதாரணமாகச் சொன்னார். எட்டு வருடங்களுக்கு முன் இதே ஊரில் நான் அதைச் சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்தவர்கள்தான் அதிகம். இப்போது பிரியாணிக் கடை வரைக்கும் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குள் சந்தோஷம் பொங்கியது. அடுத்த நொடியே அந்தக் கரண்டி ஞாபகத்துக்கு வந்து கோபமும் பொங்கியது.

"கரண்டி பிடிக்கிறதுக்கு, கார்ட்டூன்ல அந்தக் கவசத்தப் போட்டிருக்கறவ சமையல்காரி இல்லீங்க. படைத் தலைவி" என்றேன்.

"அப்ப கரண்டி வேணாம் மேடம். கத்தி வெச்சிக்குங்க. கறி வெட்ற கத்தி நம்மகிட்டயே இருக்குது."

வரமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கதையிலோ கார்ட்டூனிலோ வீடியோ கேமிலோ வரும் ஒரு பாத்திரத்தின் உடையை நாமே செய்து, அணிந்து, கொஞ்ச நேரம் அந்தப் பாத்திரமாகவே நடமாடுவதுதான் காஸ்பிளே. அதற்கென்று விழாக்கள் நடக்கின்றன, போட்டிகள் நடக்கின்றன. இதில் சாமி கிடையாது, சினிமா கிடையாது, சம்பளமும் கிடையாது. இந்த மூன்றும் இல்லாத ஒரு காரியத்தை ஒரு பெண் ஏன் செய்கிறாள் என்று எங்கள் பக்கத்தில் விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்கிறேன். ஷூவின் மேல்பாகத்துக்கான தோல் துண்டுகளை ஒன்றோடு ஒன்று இணைத்துத் தைப்பது என் வேலை. மாதனூரை ஒட்டிய எங்கள் ஊருக்குக் காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். வேலூரில் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவள் ஏன் மிஷினில் போய் உட்கார்ந்தாள் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தைக்கப் பிடிக்கும் என்றால் யாரும் நம்புவதில்லை.

கல்லூரி நாட்களில்தான் அந்தப் படைத் தலைவியை முதன்முதலில் போனில் பார்த்தேன். ஜப்பானியக் கார்ட்டூன் ஒன்றில் வருகிறவள். நெற்றியில் ஒற்றைக் கொம்பு, இடது தோளில் மட்டும் அடுக்கடுக்காகப் பெரிய கவசம். அவள் நடந்து வரும்போது எதிரில் யார் வந்தாலும் வழி விடமாட்டாள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எனக்குக் கோபம் மூக்கு மேல் இருக்கும், ஆனால் லைனில் சூப்பர்வைசர் கத்தினால் வாயைத் திறக்க முடியாது. குனிந்த தலை நிமிராமல் மிஷினை ஓட்ட வேண்டும். ஒரு நாளாவது அவளைப் போல நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மற்ற ஊர்க்காரர்கள் கவசத்தை ஃபோம் அட்டையில் வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடிப்பார்கள். எங்கள் ஊரில் தோலுக்கா பஞ்சம்? ஆம்பூரில் கம்பெனிகளில் மிஞ்சும் கட்பீஸ் தோலை மூட்டை மூட்டையாக வைத்து விற்கும் கடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அங்கே போய்த் துழாவி, நிறமும் கனமும் ஒத்துவரும் துண்டுகளைப் பொறுக்கி வருவேன். விளிம்பைச் சீவி மெல்லியதாக்கி, பசை தடவி மடித்து, சுத்தியலால் தட்டி, வீட்டிலிருந்த பழைய மிஷினில் தைப்பேன். ஷூவுக்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் அவளுக்கும் செய்தேன்.

முதல் கவசத்தைத் தைத்து முடித்த உற்சாகத்தில் வேலூரில் நடந்த ஒரு சின்னப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். தோள் கவசம் எந்தப் பையிலும் நுழையவில்லை. அதனால் வீட்டிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். தேதியைப் பார்த்தேனே தவிர அமாவாசையைப் பார்க்கவில்லை. அன்று மாசி அமாவாசை, அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதே இல்லை. அன்று பாலாற்றங்கரை முழுக்கக் காளி வேஷம் போட்டவர்கள் ஆடிக்கொண்டு வருவார்கள், தேர் வரும், கூட்டம் அலைமோதும். பஸ்ஸைப் பாலத்துக்கு முன்பே நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ இடித்ததில் என் சால்வை நழுவி விழுந்தது. கொம்பும் கவசமுமாக நான் நடுத்தெருவில் நின்றேன்.

ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடி வந்து என் முன்னால் நின்றாள். "தாயே, கொழந்தை பயந்து பயந்து அழுவுது. தொட்டு ஒரு வார்த்த சொல்லும்மா" என்றாள்.

"நான் சாமி இல்லீங்க. இது கார்ட்டூன்ல வர்ற டிரெஸ்" என்றேன்.

"எந்த அம்மனா இருந்தா இன்னா, தொடும்மா" என்றாள்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் குழந்தையின் தலையைத் தொட்டேன். அது என் கொம்பைப் பிடித்துக்கொண்டு அழுகையை நிறுத்திவிட்டது. வந்தது வினை. பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள். ஒருவர் பையனின் படிப்பைப் பற்றிக் கேட்டார், ஒரு அம்மா போர்வெல்லில் தண்ணீர் வருமா என்று கேட்டாள். எல்லோருக்கும் "வரும், வரும்" என்றே சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது போட்டி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அன்று எனக்கு வருத்தமே இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட என்னை இடித்துக்கொண்டு போகவில்லை, எல்லோரும் வழி விட்டார்கள்.

சாமி என்று நினைத்தவர்களை நான் மன்னித்துவிட்டேன். அடுத்து வந்தவர்களை மன்னிக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

அதற்கு முன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார், வீட்டில் நானும் அம்மாவும்தான். அவளும் ஷூ கம்பெனிக்காரிதான், ஆனால் வேறு கம்பெனி. இருபத்திரண்டு வருடமாக ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறாள். ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் இவர்கள்தான். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் தெருப் பெண்கள் அம்மாவிடம் பேச வந்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் பேசுவார்கள். தங்கள் மேலும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாளோ என்று பயம். அவளுடைய ஜாக்கெட்டுகளை நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றிலும் நாலு குறை சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்வாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. நல்ல மனிதர்கள்தான். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே மாப்பிள்ளையின் அத்தை போனைத் தடவிக்கொண்டிருந்தவர், எப்படியோ என் போட்டோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். போன் கைமாறிக் கைமாறிக் கூடம் முழுக்கச் சுற்றியது.

"பொண்ணு கூத்துல ஆடுதா?" என்று அத்தை கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அம்மா.

"அப்ப இன்னா, டிராமா கம்பெனியா?"

அம்மா பஜ்ஜித் தட்டை அத்தை பக்கம் நகர்த்தினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ரெண்டும் இல்லீங்க. சண்டைக்குப் போறப்ப போட்டுக்கற டிரெஸ்" என்றேன். மாப்பிள்ளை மட்டும் சிரித்தார். மற்றவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

அன்று அம்மா என் கவசத்தை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள். குப்பையில் போடவில்லை, தோலைக் குப்பையில் போட அவளுக்குக் கை வராது. "இனிமே இந்த வேஷம் என் கண்ணுல படக் கூடாது. சொல்லிட்டேன்" என்றாள். நான் மறுநாளே சாக்கை அவிழ்த்தேன். வீட்டில் சண்டை எதுவும் வரவில்லை. ஆனால் அவள் சொன்னபடியே செய்தாள். நான் தைக்கும் அறையைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கவசம் கட்டில் மேல் கிடந்தால் அந்தக் கட்டிலில் துணி மடிக்கமாட்டாள்.

வரன் போனதில் எனக்குக் குன்றிமணி அளவுகூட வருத்தம் கிடையாது. ஆனால் எந்த நாட்டிலோ யாரோ போட்டுக்கொள்ளப்போகும் ஷூவை எல்லாம் இண்டு இடுக்கு விடாமல் பார்க்கும் என் அம்மா, நான் செய்ததைப் பார்க்கமாட்டேன் என்கிறாளே என்று பொருமிக்கொண்டிருந்தேன். அவள் பாராட்ட வேண்டாம். திட்டட்டும், குறை சொல்லட்டும். ஒரே ஒரு தடவை அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இந்த இரண்டு வருடங்களில்தான் ஊர் தலைகீழாக மாறியது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி என்று இருந்ததைக் காஸ்பிளே போட்டி என்று மாற்றினார்கள். ஜவுளிக் கடை ஒன்றில் 'காஸ்பிளே டிரெஸ் கிடைக்கும்' என்று போர்டு மாட்டினார்கள். ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசலில் பன்னீர் தெளிக்க இரண்டு பேரைக் கார்ட்டூன் உடையில் நிறுத்தியிருந்தார்கள். எங்கள் கம்பெனி பஸ்ஸில் என்னைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரித்தவர்கள், பிள்ளைகளுக்கு உடை வேண்டும் என்று என் பக்கத்து சீட்டுக்கு வந்தார்கள். எனக்குத் தலை கால் புரியாத சந்தோஷம். மனசுக்குள் ஒவ்வொருவருக்கும் "அன்னிக்கு இன்னா சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு பேரிடம் வாய்விட்டே கேட்டேன்.

ஆனால் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "எங்க வாங்கின?" முன்பெல்லாம் ஏன் இதைப் போட்டாய் என்று கேட்டார்கள், இப்போது எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். முதல் கேள்வியையாவது சிரித்துத் தள்ளிவிடலாம், இரண்டாவதுதான் எனக்கு அதிக எரிச்சலைத் தந்தது. அவர்கள் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்குகிறார்கள், அதனால் நானும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். நான் செய்தேன் என்று சொன்னால், "சும்மா சொல்லாத" என்பார்கள்.

ஊரெல்லாம் மாறினாலும் எங்கள் வீட்டுக்குள் எதுவும் மாறவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள்.

இந்த நிலையில் வேலூரில் ஒரு கல்லூரி விழாவில் பெரிய காஸ்பிளே போட்டி என்று அறிவித்தார்கள், பொதுமக்களும் கலந்துகொள்ளலாம். நாள், போன ஞாயிற்றுக்கிழமை. அதற்காகவே நாலு மாதம் உட்கார்ந்து கவசத்தைப் பழையதிலிருந்து பிரித்துப் புதிதாகச் செய்தேன். நூற்று நாற்பத்தாறு துண்டுகள். எனக்குப் பக்கத்து மிஷினில் தைப்பவள் என் தோஸ்த், ஆம்பூர்க்காரி. அவளிடம் மட்டும் என் குறையைச் சொல்லி அழுதேன்.

"இவ்ளோதானா? உங்கம்மாவ நான் இட்டுக்கினு வர்றேன். நீ பேஜார் ஆவாத" என்றாள்.

எப்படி என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது. அவள் எங்கள் வீட்டுக்குப் போய், "அம்மா, ஞாயித்துக்கிழம வேலூர்ல தையல் போட்டி. உங்க பொண்ணு பேரு குடுத்திருக்கா. நீங்க வரலன்னா நல்லா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். தையல் போட்டி என்றதும் அம்மா நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் காலையிலேயே ஷூ அட்டைப்பெட்டிகளில் கவசத்தை அடுக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட்டேன். மேடையில் என் முறை வந்து ஏறியபோதுதான் மூன்றாவது வரிசையில் அவர்கள் இரண்டு பேரும் இருப்பதைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. தோஸ்த் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இல்லாவிட்டால் எழுந்து போயிருப்பாள். அதற்குப் பிறகு அம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் நடந்தேன். மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, யாருக்கும் வழி விடாதவள் நடப்பதுபோல் நடந்தேன். மாணவர்கள் விசிலடித்தார்கள், அந்தப் பாத்திரத்தைத் தெரிந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அரங்கமே பார்த்தது, நான் யாருக்காக அதைச் செய்தேனோ அவள் மட்டும் பார்க்கவில்லை.

போட்டியில் இரண்டு பிரிவுகள். தானே செய்த உடைக்கு ஒன்று, வாங்கிய உடைக்கு ஒன்று. நான் முதல் பிரிவு. நடுவர்களில் ஒருவர் சென்னையில் இந்த மாதிரி உடைகள் விற்கும் கடை வைத்திருப்பவர். அவர் மேடைக்கு வந்து என் தோள் கவசத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மைக்கில் பேசினார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா இது கையால செஞ்சது கிடையாது. தையல் எல்லாம் ஒரே அளவுல, ஒரே கோட்டுல போகுது. இது ஏதோ கம்பெனில செஞ்சு வாங்கினது. உங்கள வாங்கின பிரிவுக்கு மாத்திடறோம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "சார், எங்க ஊர்ல தையல் நேரா வரலன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நேரா தைக்கிறது ஒரு தப்பா?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இப்ப நிறையப் பேர் ஆன்லைன்ல வாங்கிப் போட்டுக்கினு வந்து, நானே செஞ்சேன்னு சொல்றாங்க. நாங்க எப்படி நம்பறது? செய்யும்போது எடுத்த போட்டோ இருக்கா?"

போட்டோ இல்லை. கையெல்லாம் பசையாக இருக்கும்போது யார் போட்டோ எடுப்பது? இரண்டே இரண்டு படங்கள் இருந்தன, இரண்டிலும் வெறும் தோல் துண்டுகள். அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எட்டு வருடம் கழித்து ஊரே இதை ஒப்புக்கொண்ட பிறகு, மேடையில் நிற்கவைத்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல் கேட்டது. அம்மாவின் குரல். தோஸ்த்தின் கையை உதறிவிட்டு மேடைப் படிகளில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"என் பொண்ணு கோவக்காரி சார். வாயாடி. ஆனா பொய் சொல்ல மாட்டா."

"நீங்க யாரும்மா?"

"அவ அம்மா. ஷூ கம்பெனில ஃபைனல் செக்கிங்ல இருக்கேன்." அவர் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கம் கையை நீட்டினாள். "ரெண்டு கைலயும் போட்டிருக்கியே, அதக் கழட்டிக் குடு."

முழங்கைவரை வரும் கைக் கவசங்களைக் கழற்றப்போனேன். அதற்குள் அவளே பக்கிளை அவிழ்த்துவிட்டாள். இரண்டையும் எடுத்து விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். கட்டை விரலைத் தையல் ஓரமாக மெதுவாக ஓட்டினாள். வளைத்துப் பார்த்தாள். உள்பக்கத்தைத் திருப்பி லைனிங்கைத் தடவினாள். பிறகு இரண்டையும் ஒன்றோடு ஒன்று சேர்த்துவைத்து அளவு பார்த்தாள். ஷூ பார்ப்பவர்கள் எதையும் ஒற்றையாகப் பார்க்கமாட்டார்கள், ஜோடியாகத்தான் பார்ப்பார்கள். யாரோ மைக்கை அவள் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

"இது எந்த கம்பெனிலயும் பாஸ் ஆவாது சார்" என்றாள்.

நடுவர் திகைத்துவிட்டார். "இன்னாம்மா சொல்றீங்க?"

"இங்க பாருங்க. இந்த வளைவுல தையல் ஓரத்துலருந்து தள்ளிப் போயிருக்குது. இந்த எடத்துல ஊசி முறிஞ்சு மாத்தியிருக்கா, ஓட்ட பெருசா இருக்குது பாருங்க. இங்க பசை ஜாஸ்தியாகி வெளிய வந்திருக்குது. இங்க மடிப்பு தட்டுனது பத்தல. ஜோடி பாருங்க, வலது கை ஒரு நூல் அளவு பெருசு. என்கிட்ட வந்திருந்தா அப்பிடியே திருப்பி அனுப்பியிருப்பேன்."

கூட்டத்தில் சிரிப்பும் கைத்தட்டலும் எழுந்தன. ஒவ்வொரு குறையாக அவள் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வளைவில் தையல் தள்ளிப்போனது எனக்குத் தெரியும், யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். வலது கை பெரியது என்று எனக்கே தெரியாது. மேடையில் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் என் அம்மா என் வேலையைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருந்தாள். அதுவரை என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நடுவரும் லேசில் விடவில்லை. "அப்ப கம்பெனில ரிஜெக்ட் ஆன பீஸ வாங்கியிருக்கலாமேம்மா?" என்றார்.

அம்மாவுக்கு இப்போது கோபம் வந்துவிட்டது. எனக்கு இருக்கும் கோபம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"தையல முடிக்கிற எடத்தப் பாருங்க சார். நூல் பிரியாம இருக்கறதுக்கு எல்லாரும் ரெண்டு தடவ பின்னாடி ஓட்டித்தான் வெட்டுவாங்க. இவ மட்டும் மூணு தடவ ஓட்டுவா. நூல் வேஸ்ட் பண்றன்னு லைன்ல திட்டு வாங்கிக்கினு வந்து வீட்ல பொலம்பாத நாளே கெடையாது. எண்ணிப் பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "மூணு" என்றார்.

"இப்ப இத எண்ணுங்க." அம்மா தன் ஜாக்கெட்டின் கை விளிம்பைத் திருப்பி அவர் முன்னால் நீட்டினாள். "இது அவ எனக்குத் தைச்சது. ஆன்லைன்ல வாங்குனது இல்ல."

அவர் எண்ணினார். கொஞ்சம் நேரம் பிடித்தது, மெல்லிய நூல். பிறகு நிமிர்ந்து, மைக்கைக் கையில் வாங்கி, "இதுலயும் மூணு" என்றார்.

அரங்கம் கூரை பறக்கும்படி கத்தியது. மாணவர்கள் "மூணு! மூணு!" என்று மேசையைத் தட்டினார்கள். தோஸ்த் நாற்காலி மேல் ஏறி நின்று விசிலடித்தாள். நடுவர் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பெரிய மனசுக்காரர், மைக்கிலேயே கேட்டார். தானே செய்த பிரிவில் எனக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். ஷீல்டை நான் வாங்கவில்லை, அம்மா வாங்கினாள்.

கீழே இறங்கியதும் அந்த நடுவர் மறுபடியும் என்னிடம் வந்தார். "இந்த அளவுக்குத் தைக்கிறவங்க உங்க ஊர்ல எத்தன பேரும்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"பஸ் பஸ்ஸா இருக்காங்க சார்" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கு வந்த கர்வத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரையும் அந்த மேடையில் ஏற்றி நிறுத்தியதுபோல் இருந்தது. என்னைச் சாமி என்று கும்பிட்டவர்களும் கூத்துக்காரி என்று சொன்னவர்களும் கரண்டியோடு நிற்கச் சொன்னவரும் இனி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். ஊர் பாராட்டிய எதையும் ஊர் முழுசாகப் புரிந்துகொண்டதில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலை போய்விட்டது.

தோஸ்த்துக்கு மட்டும் கொஞ்சம் பயம் இருந்தது. "அம்மா, தையல் போட்டின்னு நான் சொன்னது பொய்யா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பொய் இல்ல. ஆனா நீ வாய்க்காரிதான்" என்று சொல்லி அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

வெயில் தாழ்வதற்கு முன்பே மூன்று பேரும் பஸ் ஏறினோம். அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. நான் அட்டைப்பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் அவள் பெட்டியைத் திறந்து தோள் கவசத்தை வெளியே எடுத்தாள். ஒவ்வொரு அடுக்காகத் தூக்கி அடியில் பார்த்தாள். நான் வாய் திறந்தால் நிறுத்திவிடுவாளோ என்று எனக்குப் பயம். பிறகு இடுப்புப் பட்டை, பிறகு மார்புக் கவசம். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்றபோதுகூட அவள் நிமிரவில்லை. முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், அதையும் கவனிக்கவில்லை.

மாதனூர் நெருங்கியது. நான் எழுந்து பெட்டிகளை மூடிக் கட்ட ஆரம்பித்தேன். கொம்பு வைத்த தலைக்கவசம் இருந்த கடைசிப் பெட்டியில் கையை வைத்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அத இன்னும் பாக்கல. குடு" என்றாள்.